காலிக்குடமும் நானும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே எதிர்வீட்டுப் பையன், காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறவன். விஷயம் தண்ணீர். குழாயில் தண்ணீர் வந்து பதினேழு நாள் ஆகிவிட்டது. லாரி வரும் என்றார்கள், ஒரு நாள் வந்தது. பக்கத்துத் தெருவோடு நின்றுவிட்டுப் போய்விட்டது.

"சார், நீங்க தாலுக்கா ஆபீஸ்ல இருந்தவரு. மனு ஒண்ணு எழுதிக் குடுங்க. புதன்கிழமை காலைல மெயின் ரோட்ல குடத்தோட உக்காரப் போறோம்."

மனு எழுதுவதற்கென்ன, முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் எழுதிய மனுவைப் படித்தே காலம் தள்ளியவன். உடனே சரி என்றேன். அடுத்து அந்தப் பையன் கேட்டதற்குத்தான் பதில் வரவில்லை.

"தாத்தா, நீங்களும் வந்து உக்காருவீங்கதானே?"

முட்டி வலி, சர்க்கரை, வெயில் என்று மூன்று காரணம் சொன்னேன். மூன்றுமே உண்மை. ஆனாலும் அடுப்படியில் இருந்து என் மனைவி எட்டிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் இவர் எத்தனை வருஷமாக இந்தக் காரணம் சொல்கிறார் என்று எழுதியிருந்தது. அவர்கள் போன பிறகு, "கட்சிக்காரங்க யாராவது நடுவுல வந்து போட்டோ எடுத்துக்குவாங்க, அதுக்கு நாம போய் உக்காரணுமா?" என்றேன். "எல்லாரும் ஒரே குட்டையில ஊறுன மட்டைங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் காலிக்குடத்தை நகர்த்தி வைத்தாள். சத்தம் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த வசனத்தை நான் எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். என் அப்பாவிடமிருந்துதான். ஆனால் அதைச் சொல்கிற உரிமை அவருக்கு இருந்தது.

அப்பாவுக்கு மலை அடிவாரத்தில் ஒரு சின்னத் தேங்காய்க்கடை. தேங்காய், பூ, கற்பூரம், விபூதிப் பொட்டலம். ஆடிக் கிருத்திகையும் டிசம்பர் 31-ம்தான் எங்களுக்குத் தீபாவளி. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா. 365 படிக்கும் பூஜை செய்து, படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டே மலை ஏறுவார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-ல் ஆரம்பித்து வைத்தது. அந்தக் காலத்தில் ஆங்கில வருஷப் பிறப்பன்று எலுமிச்சம்பழமும் மாலையுமாக வெள்ளைக்கார துரைமார் வீட்டு வாசலில் போய் நம் ஆட்கள் காத்துக்கிடப்பார்களாம். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல், துரையைத்தான் பார்க்க வேண்டுமென்றால் தணிகைமலைத் துரையைப் போய்ப் பாருங்கள் என்று கூட்டத்தை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார் சுவாமிகள். கோஷமில்லை, கொடியில்லை, கேஸும் இல்லை. எங்கள் ஊரில் நடந்த முதல் அரசியல் போராட்டம் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அதிலும் அப்பா கடையில் நல்ல வியாபாரம்!

அடுத்த போராட்டம் அப்படி இல்லை. இப்போது திருத்தணி என்றால் திருவள்ளூர் மாவட்டம், அதற்கு முன்னால் செங்கல்பட்டு. அதற்கும் முன்னால்? என் பேரன்களுக்குத் தெரியாது. கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்த ஊர் இது. 1911 ஏப்ரல் 1-ல் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கியபோது அதில் சேர்த்தார்கள். எல்லாமே சென்னை மாகாணம் என்று இருந்தவரைக்கும் யாருக்கும் கவலையில்லை. தெலுங்கருக்குத் தனி மாநிலம் கேட்டு 58 நாள் பட்டினி கிடந்து பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் உயிரை விட்டது 1952 டிசம்பர் 15. நான்கு நாளில் நேரு ஆந்திர மாநிலம் உண்டு என்று அறிவித்தார். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிறந்தபோது சித்தூர் ஜில்லா முழுசாக அங்கே போனது. திருத்தணியும் சேர்த்து.

ம.பொ.சி.யைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்பு வரை படித்து, அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று சென்னையில் முழங்கினார். எங்கள் பக்கம் வந்து "வேங்கடத்தை விடமாட்டோம்" என்றார். அவருக்கு முன்னாலேயே மங்கலங்கிழார் என்கிற தமிழாசிரியர் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நடையாய் நடந்து தமிழ் சொல்லிக்கொடுத்து, நிலத்தை உழுது வைத்திருந்தார். உள்ளூரில் வக்கீல் கே. விநாயகம். 1953-ல் மறியல் நடந்தபோது எங்கள் அப்பாவும் போய் உட்கார்ந்தார். பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது மூன்று வயசு. கடையை அம்மா பார்த்துக்கொண்டாள், ஒரு வாரம் கழித்து தேங்காய் வாங்க முதல் இல்லை. பக்கத்துக் கடை நாயுடு மாமாதான் தன் சரக்கில் இரண்டு மூட்டையைக் கடனாக இறக்கினார். அவர் ஊர் ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்று கூட்டம் போட்டவர்களோடு இருந்தவர்! காலையில் அந்தக் கூட்டம், சாயந்திரம் எங்கள் கடைக்குத் தேங்காய்.

அப்பா திரும்பி வந்தார். சிறைக்குப் போய்த் திரும்பி வராதவர்களும் இந்தப் போராட்டத்தில் உண்டு.

நான் முதல் வகுப்பில் சேர்ந்தது ஆந்திராவில்தான், ஊரைவிட்டு ஓர் அடி நகராமலே. இன்றைக்கும் தெலுங்கு எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அந்த வாத்தியார் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

கடைசியில் விஷயம் எப்படி முடிந்தது என்பதைத்தான் அப்பா திரும்பத் திரும்பச் சொல்வார். இரண்டு பக்கமும் பேசி அலுத்து, எச்.வி. படாஸ்கர் என்கிறவரை மத்தியஸ்தராக ஏற்றுக்கொண்டார்கள். மத்திய அமைச்சராக இருந்தவர், அப்போது மத்தியப் பிரதேச ஆளுநர். அவர் மேடை ஏறிப் பேசியதில்லை. கிராமத்தை ஓர் அலகாக வைத்துக்கொண்டார், மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டார், எந்த மொழி பேசுவோர் அதிகம், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். 1959-ல் சட்டம், 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1911-லும் ஏப்ரல் 1, 1960-லும் ஏப்ரல் 1. எங்கள் ஊரைத் தூக்கிப் போடுகிறவர்கள் முட்டாள்கள் தினத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் போலிருக்கிறது. அரசாங்கக் கணக்கில் புது வருஷம் அன்றுதான் தொடங்குகிறது என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வந்ததற்குப் பதிலாகக் கொடுத்ததும் உண்டு. பொன்னேரி, திருவள்ளூர் தாலுக்காக்களில் இருந்து சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. என் அத்தையை, அப்பாவின் கூடப்பிறந்த அக்காவை, அந்தப் பக்கம்தான் கொடுத்திருந்தது. நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்த அதே நாளில் அத்தை ஆந்திராவுக்குப் போனாள். அவளும் வீட்டை விட்டு நகரவில்லை. "நீ ஜெயிலுக்குப் போயி என்னை அந்தப் பக்கம் தள்ளிட்டியேடா" என்று சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அப்பா சிரிக்க மாட்டார்.

இணைந்த அன்று ஊரில் விழா. தோரணம், மைக் செட், மேளம். மறியல் நாளில் தலைகாட்டாத பல முகங்களை மேடையில் பார்த்ததாக அப்பா சொல்வார். கதரும் துண்டும் நேற்று வாங்கியதுபோல மொறமொறவென்று இருந்ததாம். அவரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அவரும் போகவில்லை. கடையில் உட்கார்ந்து அன்று இருநூறு தேங்காய் விற்றார். நாயுடு மாமா கடையை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நீ கெலிச்சே, நான் தோத்தேன், தேங்காய் விலை மட்டும் மாறலையே" என்றாராம். கடைசி வரை அவர் இதே ஊரில்தான் இருந்தார். நானும் என் தம்பியும் அவருக்குத் தோள் கொடுத்தோம்.

பிற்பாடு ஒரு கட்சிப் பிரமுகர் கடைக்கு வந்து, "ஒரு விண்ணப்பம் போடுங்க, தலைவர்கிட்ட சொல்லி ஏதாவது வாங்கித் தர்றேன்" என்றார். அப்பா அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். "நான் உக்காந்ததுக்கு இவன் என்னடா சாட்சி சொல்றது?" என்றார். இப்போது எல்லைக் காவலர்களுக்கு அரசு உதவித்தொகை தருகிறது, நவம்பர் 1-ல் பொன்னாடை போர்த்துகிறது. நல்லதுதான். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

ஆக, அரசியல்வாதியை நம்பாதே என்பது அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து. ஆனால் அவர் நம்பாமலேயே போய் உட்கார்ந்தவர். நான் அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு இந்தப் பாதியை விட்டுவிட்டேன்.

ம.பொ.சி.யும் அரசியல்வாதிதானே என்று கேட்கலாம். ஆமாம். எல்லைப் பிரச்சினையால் காங்கிரஸை விட்டு வெளியே வந்தார். திராவிட இயக்கத்தை எதிர்த்து மாநாடு போட்டவர், 1967-ல் தி.மு.க. அணியில் நின்று தியாகராய நகரில் ஜெயித்தார். எம்.ஜி.ஆர். ஆட்சியில் மேலவைத் தலைவராக இருந்தார், 1986-ல் அந்த மேலவையே கலைக்கப்பட்டது. ஏறி இறங்கிய வாழ்க்கை. அவர் நிலை மாறியதைக் கேலி செய்தவர்கள் உண்டு, எங்கள் டீக்கடையில் நானும் செய்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்கு அவர் மறியலுக்கு ஆள் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தவர் கிடையாது. முதலில் தான் போய் அகப்பட்டுக்கொண்டவர். இன்று ம.பொ.சி. சாலையில் காய்கறி வாங்கும்போது இது நினைவுக்கு வரும். வெங்காய விலையைக் கேட்டதும் மறந்துபோகும்.

அப்பா அடிக்கடி சொல்லும் இன்னொரு பெயர் விருதுநகர் சங்கரலிங்கனார். 1956-ல் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து செத்துப்போனவர். தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொன்னவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளில், ரயிலில் எல்லோருக்கும் ஒரே வகுப்பு வேண்டும், அரசியல் தலைவர்கள் எளிமையாக வாழ வேண்டும் என்பவையும் உண்டு. பெயர் வைப்பது சுலபமான கோரிக்கை, பதினோரு வருஷத்தில் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். மற்றதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மந்திரி வருகிறார் என்று நம் ஊர் ரோட்டில் நிறுத்தி வைக்கப்படும்போது நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், எத்தனை கார் என்று.

இனி என் கதை. 1972-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 2008-ல் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். சாலை மறியலை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவன். அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், இளைஞர்களுக்கு உபயோகப்படும்.

காலை எட்டு மணிக்குக் குடத்தோடு உட்காருவார்கள். எட்டேகாலுக்கு போலீஸில் உளவு பார்க்கிற ஒருவர் மஃப்டியில் நின்று எத்தனை பேர், எந்தக் கட்சி என்று போனில் சொல்வார். எட்டரைக்கு ஆர்.ஐ. வருவார். அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது, திட்டு வாங்குவதற்கென்றே அனுப்புவோம். ஒன்பது மணிக்கு பஸ் வரிசை நீண்டதும் இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்துவார். அந்த நேரம் பார்த்து ஒரு கரைவேட்டி வருவார். "நான் கலெக்டர்கிட்ட பேசிட்டேன்" என்பார். சில சமயம் பேசியிருப்பார், பல சமயம் போனில் மறுமுனையில் அவர் மைத்துனன் இருப்பான். "ரெண்டு நாள்ல தண்ணி வந்துடும்" என்று சொல்லிக் கூட்டத்தை எழுப்பிவிடுவார். அன்று சாயந்திரம் ஒரு லாரி தண்ணீர் போகும். மூன்றாம் நாள் பழையபடி.

கரைவேட்டி வராத மறியல்தான் எங்களுக்கு நிஜமான தலைவலி. பேசுவதற்கு ஆள் இல்லாமல் வட்டாட்சியரே நேரில் வர வேண்டும், ஜனங்களிடமே பேச வேண்டும். அப்போது கெட்டிக்கார ஜனம் என்ன செய்யும் தெரியுமா? வாய்வார்த்தையை ஒப்புக்கொள்ளாது. தாலுக்கா ஆபீசில் சமாதானக் கூட்டம் போடு, யார் யார் வந்தார்கள், என்ன ஒப்புக்கொண்டார்கள், எந்தத் தேதிக்குள் என்று நடவடிக்கைக் குறிப்பு எழுது, கையெழுத்துப் போட்டு நகல் கொடு என்று கேட்கும். அந்தக் காகிதம் ஃபைலில் ஏறிவிட்டால் லேசில் சாகாது. ஆள் மாறினாலும் அடுத்து வருகிறவர் பதில் சொல்ல வேண்டும். நான் சர்வீஸில் இருந்த காலத்தில் உருப்படியாக முடிந்த மறியல்கள் எல்லாமே அந்த ஒற்றைத் தாளால் முடிந்தவை. இந்த ரகசியத்தை அப்போது யாருக்கும் நான் சொன்னதில்லை. சம்பளம் அந்தப் பக்கத்தில் வாங்கினேன்.

2003-க்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அந்த வருஷம் ஜூலை 2-ல் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம் தொடங்கியது. பறிக்கப்பட்ட சலுகைகளைத் திருப்பிக் கேட்டார்கள். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, விசாரணை ஏதும் இல்லாமல் ஏறக்குறைய 1.70 லட்சம் பேரை வேலையை விட்டு நீக்கியது. நான் அப்போது வேலை பார்த்த ஆபீஸ் எந்த ஊர் என்பது வேண்டாம். எனக்கு 53 வயசு. சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பி.எஃப்.பில் கடன் போட்டிருந்தேன். சங்கத்துக்கு இருபது வருஷம் சந்தா கட்டியவன், அன்று காலை ஆபீசுக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். "சங்கத் தலைவர்களெல்லாம் எதிர்க்கட்சிக்காரன் கையாள், அவங்களை நம்பிப் போக முடியாது" என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். பாருங்கள், நம்பிக்கையின்மை எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது!

எங்கள் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். கணவரை இழந்து கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவள், இரண்டு குழந்தைகள். அவள் வேலைநிறுத்தத்துக்குப் போனாள். நீக்க ஆணை வந்தது. ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். பியூனும் வேலைநிறுத்தத்தில் இருந்தான். பசை டப்பாவை எடுத்து ஒட்டியது நான்தான். அவள் பெயர் பட்டியலில் நான்காவது.

உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 6-ல் தீர்ப்புச் சொன்னது. வேலைநிறுத்தம் செய்ய ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை. மன்னிப்புக் கேட்டு, இனி நடத்தை விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் உள்ளே வந்தார்கள். அவளும் வந்தாள். போர்டில் அந்தத் தாள் இன்னும் இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பசை நல்லா போட்டிருக்கீங்க சார், கிழிக்க வரல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் மன்னிப்புக் கடிதம் எழுதியபோதுகூட அவள் கை நடுங்கவில்லை. எனக்குத்தான் நடுங்கியது.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 2004 மே மாதம் மக்களவைத் தேர்தல். தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் ஆளுங்கட்சி அணி தோற்றது. முடிவு வந்த சில நாளில், ஊழியர்கள் மேல் எடுத்த நடவடிக்கை எல்லாம் திரும்பப் பெறப்பட்டது. கோர்ட் தராததை, கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காததை, ஓட்டுப் பெட்டி ஒரே நாளில் வாங்கிக் கொடுத்தது. அதை வாங்கிக் கொடுத்ததில் வெளியே நின்ற அந்த 1.70 லட்சம் குடும்பங்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் பலனில் எனக்கும் பங்கு வந்தது. ஒட்டியவனுக்கும் கிழித்தவளுக்கும் ஒரே பஞ்சப்படி.

(அதே 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்று ஆனது. மறுபடியும் ஏப்ரல் 1! அதற்கப்புறம் தேர்தல் வரும்போதெல்லாம் வாக்குறுதி, முடிந்ததும் ஒரு குழு. மாசம் முதல் தேதி என் பென்ஷன் வரும்போது எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.)

2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு என் பேரன் இங்கிருந்து மின்சார ரயில் பிடித்து மெரினாவுக்குப் போனான். வீட்டில் கேட்கவில்லை, போய்விட்டுப் போன் செய்தான். "தாத்தா, இங்க எந்தக் கட்சிக் கொடியும் விடல. யாரு வந்தாலும் திருப்பி அனுப்புறோம்" என்றான். குரலில் அவ்வளவு பெருமை. எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. அரசியல்வாதியை மேடைக்கே விடாத ஒரு கூட்டத்தை என் ஆயுளில் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். குப்பையைக்கூட அவர்களே பொறுக்கினார்கள்.

21-ம் தேதி அவசரச் சட்டம் வந்தது. அங்கேதான் சிக்கல். ஜெயித்துவிட்டோம், எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை. தலைவர் வேண்டாம் என்று வைத்துக்கொண்டதால் பேச்சு வார்த்தைக்கு உட்காரவும் ஆள் இல்லை, நிரந்தரச் சட்டம் வரும் வரை இருப்போம் என்றவர்களைச் சமாதானம் செய்யவும் ஆள் இல்லை. 23-ம் தேதி விடிகாலையில் போலீஸ் கடற்கரையைக் காலி செய்தது. சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது அதே நாள் சாயந்திரம். சில மணி நேர இடைவெளி! பேரன் போன் எடுக்கவில்லை. முப்பது தடவை அடித்திருப்பேன். மத்தியானம் செருப்பில்லாமல் வந்து சேர்ந்தான்.

டெல்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷம் உட்கார்ந்தார்களே, அவர்களும் கட்சிக்காரனை மேடை ஏற்றவில்லை. ஆனால் நாற்பது சங்கங்களின் தலைவர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். மந்திரிகளோடு 11 சுற்றுப் பேசினார்கள். ஒப்பாத இடத்தில் ஒப்பவில்லை. 2021 நவம்பரில் மூன்று சட்டமும் வாபஸ். அரசியல்வாதியை ஒதுக்கி வைப்பது எளிது, அவன் செய்கிற வேலையை யார் செய்வது என்பதுதான் கேள்வி. பேசுவது, பேரம் பண்ணுவது, கூட்டத்துக்குப் பதில் சொல்வது, பழி ஏற்பது. இவற்றை நாமே செய்யத் தயாராக இருந்தால் கரைவேட்டியை வீட்டுக்கு அனுப்பலாம். அதுவரைக்கும் அவர் வந்துகொண்டுதான் இருப்பார்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஓடிய நினைப்பு. திங்கட்கிழமை காலையில் மனு எழுதினேன். ஒன்றரைப் பக்கம். தண்ணீர் வராத பதினேழு நாளையும் தேதி போட்டு எழுதினேன், லாரி வந்த நாளையும் மறைக்கவில்லை. பழைய பழக்கத்தில் "மாண்புமிகு" என்று ஆரம்பித்துவிட்டு அடித்தேன். ஆணையாளருக்கு எழுதுகிற மனுவில் அதற்கு வேலையில்லை. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு சமாதானக் கூட்டம், நடவடிக்கைக் குறிப்பு, நகல் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பேசுவதற்கு மூன்று பேரைத் தெருவே தேர்ந்தெடுக்கட்டும், அதில் இரண்டு பேர் குழாயடியில் நிற்கிற பெண்களாக இருக்கட்டும் என்றேன். அவன் போனில் குறித்துக்கொண்டான். இன்னொன்றும் சொன்னேன். கேஸ் போட்டால் உன் பெயர் அதில் வரக்கூடாது, நாளைக்கு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இழுத்தடிப்பார்கள், அதனால் நீ ஓரமாக நில் என்றேன்.

"அப்போ யாரு பேரு தாத்தா முன்னாடி வரும்?" என்றான்.

நியாயமான கேள்வி. எழுபது தாண்டியவனுக்கு எந்த வேலைக்கு நன்னடத்தைச் சான்று வேண்டும்? மனுவின் அடியில் முதல் கையெழுத்தை நான் போட்டேன். 2003 ஜூலை 2-ல் பதிவேட்டில் போட்ட அதே கையெழுத்துதான், வயசானதில் கொஞ்சம் கோணியிருக்கிறது.

பையன்கள் எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். வேண்டாம் என்றேன், நடுரோட்டில் நான் மட்டும் சேரில் உட்கார்ந்தால் என்னையே கரைவேட்டி என்று நினைத்துவிடுவார்கள். மைல்கல் மேல் உட்கார்ந்துகொள்கிறேன். முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டாயிற்று. குடம்தான் பிரச்சினை. எங்கள் வீட்டில் இருப்பது அம்மாவின் பித்தளைக் குடம். அப்பா உள்ளே போன மாசம் அதை அடகு வைத்து மீட்டதாகச் சொல்வாள். "அதை எடுத்துட்டுப் போகாதீங்க, வேன்ல ஏத்துனா ஆள் வந்துடுவீங்க, குடம் வராது" என்கிறாள் என் மனைவி.

இன்று செவ்வாய்க்கிழமை. எதிர்வீட்டில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் இரவல் வாங்கி வாசலில் வைத்திருக்கிறேன். மூடி இல்லை. காலிக்குடத்துக்கு மூடி எதுக்கு தாத்தா என்கிறான்.